சேமப்படையினரின் பற்சுகாதாரமும் போர்த்தகுதியும்

படைவீரனின் பல் அரசின் கவனத்துக்குரிய பொருளாயமை புதியதொன்றன்று. 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில், வெடிமருந்து பொதிந்த காகிதச் சுருளைப் பல்லாற் கடித்துக் கிழித்தே துப்பாக்கியை நிரப்பினர். முன்பற்களை இழந்தவன் காலாட்படைக்கு உதவான் எனக் கொள்ளப்பட்டான். 1940 இல் கட்டாயப் படைச்சேர்ப்புத் தொடங்கியபோது, ஒன்றையொன்று எதிர்கொள்ளும் ஆறு இணைகளாக 12 பற்களேனும் இருத்தல் வேண்டுமென விதிக்கப்பட்டது. பொருளாதார மந்தத்தில் வளர்ந்த அத்தலைமுறையில் மிகப் பலர் இவ்விதியினால் நிராகரிக்கப்பட்டனர். ஆட்தேவை பெருகவே, 1942 இல் விதி தளர்த்தப்பட்டது.

அவ்வினாவே பிற்காலத்திற் சேமப்படையினர் தொடர்பில் மீண்டும் எழுந்தது. இவர்கள் மாதத்தில் ஒரு வார இறுதியும் ஆண்டில் ஏறத்தாழ இரு வாரங்களும் பயிற்சி பெற்று, எஞ்சிய காலத்திற் குடிமக்களாகத் தொழில்புரிவோர். முழுநேரப் படையினருக்குப் பல் வைத்தியம் அரசின் பொறுப்பாகும். சேமப்படையினனோ, அழைக்கப்படாத காலத்திற் பற்காப்புறுதித் திட்டத்திற் சேர விரும்பின், தவணைக் கட்டணத்தில் 40 வீதத்தைத் தானே செலுத்துதல் வேண்டும் என்றே அத்திட்டம் வகுக்கப்பட்டது. குறைந்த வருவாயுடையோர் இச்செலவைத் தவிர்க்க முற்படுதல் இயல்பே.

அமெரிக்கப் படைகள் பல்லின் நிலையை நான்கு வகுப்புகளாகப் பிரிக்கின்றன. சிகிச்சை தேவைப்படாதோர் முதலாம் வகுப்பினர். குறைபாடு இருப்பினும், அது 12 மாதங்களுக்குள் அவசரநிலையைத் தோற்றுவிக்காது எனக் கருதப்படுவோர் இரண்டாம் வகுப்பினர். அக்காலத்துள் அவசரநிலை ஏற்படலாம் எனக் கருதப்படுவோர் மூன்றாம் வகுப்பினர். உரிய காலத்திற் பரிசோதிக்கப்படாதோர் நான்காம் வகுப்பினர். முதலிரு வகுப்பினரே போர்முனைக்கு அனுப்பத் தகுதியுடையோர்.

2001 இன் பின்னர் சேமப்படையினர் பெருந்தொகையாக அழைக்கப்பட்டபோது இவ்வேற்பாட்டின் குறை வெளிப்பட்டது. முதலில் அனுப்பப்படவேண்டிய தரைப்படைச் சேமப்பிரிவுகள் சிலவற்றை ஆராய்ந்த காங்கிரசின் கணக்காய்வு அலுவலகம், அவற்றிற் பலருக்கு விதிக்கப்பட்ட பற்பரிசோதனை நடைபெறவில்லை என 2003 இல் அறிக்கையிட்டது. அணிதிரட்டிய பின்னர் அவசரமாகச் சிகிச்சையளிப்பது பயிற்சிக்குரிய காலத்தை விழுங்கியது. நாட்பட்டு வளர்ந்த நோயைச் சில நாட்களிற் சீர்செய்ய முற்படுகையில், காக்கப்படக்கூடிய பல்லும் பிடுங்கப்படும் நிலை எழலாம். பின்னர் தரைப்படை, அழைப்புக்கு முன்னரே பரிசோதனையையும் மூன்றாம் வகுப்பினருக்கான சிகிச்சையையும் இலவசமாக வழங்கத் தலைப்பட்டது.

இச்சீர்திருத்தம் வரவேற்கத்தக்கதே. எனினும், அது எவ்விடத்தில் நின்றுவிடுகிறது என்பது நோக்கற்பாலது. மூன்றாம் வகுப்பினனை அனுப்பத்தக்கவனாக்கியதும் அதன் நோக்கம் நிறைவுறுகிறது. இரண்டாம் வகுப்பினனின் குறைபாடு அவனது கூலியின் பொறுப்பாகவே எஞ்சுகிறது. 1965 இல் முதியோருக்கென உருவாக்கப்பட்ட மெடிக்கெயார்த் திட்டமும் வழக்கமான பல் வைத்தியத்தை விலக்கியே அமைந்தது. எனவே, இளமையில் அரசு அளந்து பார்த்த அதே பல், முதுமையில் அவனது சொந்த விவகாரமாகிவிடுகிறது.

பன்னிரண்டு மாதம் என்பது படைநகர்வின் அளவை. மனித வாழ்வின் அளவையன்று. சேமப்படையினனின் பல்லைப் போருக்காகப் பேணும் அரசு, தொழிலாளியாகிய அவனது பல்லைப் பேணாதுவிடின், அதன் படைத் தயார்நிலையும் ஒவ்வோர் அழைப்பின்போதும் புதிதாகத் தொடங்கவேண்டியதாகவே இருக்கும்.