திறக்காத வீடியோவை அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள்!

அண்மையில் கிளிஞ்சல்மேட்டு நண்பர் ஒருவர் பழைய வீடியோ சிடி ஒன்றை நம்மிடம் கொண்டு வந்தார். 2004 சுனாமிக்கு முந்தைய ஆண்டு நடந்த திருமணத்தின் வீடியோ அது. வீட்டிலிருந்த ஆல்பங்கள் எல்லாம் அலையோடு போய்விட்டன. உறவினர் வீட்டில் கொடுத்து வைத்திருந்த இந்த சிடி மட்டும் மிஞ்சியது. சுனாமியில் இறந்த தாயாரின் முகமும் குரலும் இதில்தான் இருக்கின்றன. ஆனால் கம்ப்யூட்டரில் போட்டால் திறக்கவில்லை.

நிக்காஹ் வீடியோ, ஹஜ்ஜுக்கு வழியனுப்பிய வீடியோ என நம் வீட்டு அலமாரிகளிலும் இப்படிப் பல உண்டு. திறக்கவில்லை என்றாலே அழிந்துவிட்டது என்று பொருளல்ல. காரணம் தெரிந்தால் பெரும்பாலும் பார்த்துவிடலாம்.

முதலில் ஒரு எச்சரிக்கை. மெமரி கார்டையோ பென் டிரைவையோ செருகியதும் "ஃபார்மட் செய்யவா?" என்று கம்ப்யூட்டர் கேட்டால், 'வேண்டாம்' என்றே சொல்லுங்கள். அந்தக் கார்டில் புதிதாக எதையும் பதிவு செய்யாதீர்கள். ஃபைலை ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து, அந்த நகலில் மட்டும் முயன்று பாருங்கள்.

1. பெயரை மாற்றினால் போதாது

எம்பி4, ஏவிஐ, எம்ஓவி என்பவை டப்பாவின் பெயர்கள். உள்ளே படமும் ஒலியும் 'கோடெக்' என்ற முறையில் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். உப்பு டப்பாவில் 'சீனி' என்று எழுதி ஒட்டினால் உள்ளே இருப்பது சீனியாகிவிடாது. கம்ப்யூட்டரில் அந்தக் கோடெக் இல்லையென்றால் படம் வராது, அல்லது ஒலி மட்டும் வரும்.

இதற்கு எளிய வழி விஎல்சி பிளேயர். பெரும்பாலான கோடெக்குகள் அதிலேயே இருக்கின்றன; இலவசம். பாரிஸில் பொறியியல் மாணவர்கள் 1996-ல் தொடங்கிய முயற்சி இது. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலுக்கு அந்த ஊர் புதிதல்ல! வீடியோலேன் அமைப்பின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். 2022-ல் அந்தத் தளம் இந்தியாவில் சில மாதங்கள் முடக்கப்பட்டு, நவம்பரில் திரும்ப வந்தது. அப்போது வேறு தளத்திலிருந்து இறக்கியிருந்தால், அதை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவது நல்லது. "கோடெக் பேக்" என்று முன்பின் தெரியாத தளங்கள் தருவதைத் தொடாதீர்கள்; வைரஸ் வரும் வழி அது.

2. வெளிநாட்டிலிருந்து வந்த போன் வீடியோ

ஐபோனும் புதிய ஆண்ட்ராய்டு போன்கள் பலவும் 'ஹெச்இவிசி' என்ற புதிய முறையில் பதிவு செய்கின்றன. பழைய கம்ப்யூட்டர் இதில் திணறும். 'ஹேண்ட்பிரேக்' என்ற இலவச மென்பொருளில் ஹெச்.264 முறைக்கு மாற்றினால் ஓடும். ஐபோனில் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் என்று போய் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்று வைத்துவிட்டால் இனி எடுப்பவற்றில் இந்தச் சிக்கல் குறையும்.

3. பாதியில் நின்ற நகல்

ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' பாருங்கள். அளவு 0 என்றோ மூலத்தைவிடக் குறைவாகவோ இருந்தால் நகல் முழுமையாகவில்லை, மறுபடி எடுங்கள். ஃபேட்32 முறையில் உள்ள பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைல் ஏறாது. அதிலிருப்பதை வேறிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, 'எக்ஸ்ஃபேட்' முறையில் ஃபார்மட் செய்ய வேண்டும்.

4. பேட்டரி தீர்ந்து நின்ற பதிவு

எம்பி4 ஃபைலில் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற அட்டவணை, பொதுவாகப் பதிவு முடியும்போதுதான் எழுதப்படும். நடுவில் கேமரா அணைந்தால் காட்சிகள் இருக்கும், அட்டவணை இருக்காது. அதே கேமராவில் அதே அமைப்பில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், 'அன்ட்ரங்க்' போன்ற மென்பொருள் பல நேரங்களில் அதைச் சரிசெய்துவிடும்.

5. பழைய சிடி, டிவிடி

வீடியோ சிடியில் 'எம்பெகாவ்' என்ற ஃபோல்டரில் டிஏடி ஃபைலாகவும், டிவிடியில் 'வீடியோ டிஎஸ்' ஃபோல்டரில் விஓபி ஃபைலாகவும் வீடியோ இருக்கும். இவற்றை விஎல்சியில் திறக்கலாம். லேப்டாப்பில் டிரைவ் இல்லையென்றால் யுஎஸ்பி டிரைவ் போதும்.

கிளிஞ்சல்மேட்டு நண்பரின் சிடியும் இப்படித்தான் திறந்தது. தாயாரின் குரல் கேட்டதும் அவர் பேச்சற்றுப் போனார். அன்றே இரண்டு நகல் எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வைக்கச் சொன்னோம். சிடிக்கும் ஆயுள் உண்டு. இந்த விடுமுறையில் உங்கள் வீட்டு அலமாரியையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.