மேகக் கணக்கு – 9: பாதி வாடகை, பாதி சொந்தம்

சென்ற வாரம் கிளவுட் நிறுவனங்கள் அனுப்பும் மாதாந்திர பில்லைப் பிரித்துப் பார்த்தோம். அதைப் பார்த்து மிரண்டவர்களிடம் அடுத்து விற்கப்படுவதுதான் ஹைபிரிட் கிளவுட். சில வேலைகள் நம் சொந்த சர்வரில், மற்றவை அமேசானிடமோ மைக்ரோசாஃப்டிடமோ எடுத்த வாடகை சர்வரில். இரண்டும் ஒரே அமைப்பாக ஓடும். இரண்டின் நன்மையும் சேர்ந்து கிடைக்கும் என்பார்கள். இரண்டின் செலவும் சேர்ந்து வரும் என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

எண்கள் வெளிப்படையாகக் கிடைக்கும் அபூர்வமான உதாரணம் டிராப்பாக்ஸ். எந்தக் கோப்பு யாருடையது, எங்கே இருக்கிறது என்ற விவரங்களைத் தொடக்கம் முதலே சொந்த சர்வர்களில் வைத்திருந்தது. கோப்புகள் மட்டும் அமேசானிடம். 2013-இல் ‘மேஜிக் பாக்கெட்’ என்ற பெயரில் சொந்தச் சேமிப்பு அமைப்பைக் கட்டத் தொடங்கி, 2015 அக்டோபருக்குள் பயனர் தரவில் 90 சதவீதத்துக்கு மேல் அங்கே கொண்டுவந்துவிட்டது.

பலன் என்ன? பங்குச் சந்தைக்கு வருமுன் 2018 பிப்ரவரியில் வெளியான அவர்களது ஆவணத்தில் இருக்கிறது. 2016-இல் வெளி டேட்டா சென்டர்களுக்குக் கொடுக்கும் தொகை 9.25 கோடி டாலர் குறைந்தது. சொந்த இயந்திரங்களின் தேய்மானம், இடம், பராமரிப்பு என 5.3 கோடி கூடியது. ஆக மிச்சம் 3.95 கோடி. மறு ஆண்டு இன்னும் 3.51 கோடி. கருத்தரங்க மேடைகளில் 7.46 கோடி என்ற கூட்டுத்தொகை மட்டும் முழங்கும்; அந்த 5.3 கோடி காதில் விழாது. இத்தனைக்கும் டிராப்பாக்ஸ் முழுதாக வெளியேறவில்லை. ஐரோப்பிய வணிக வாடிக்கையாளரின் கோப்புகளை ஜெர்மனியில் வைக்க அமேசானையே நாடியது.

அவர்களுக்கு இது பலித்ததற்குக் காரணம் லோடின் சீர்மை. வந்த கோப்பு அப்படியே கிடக்கும். அடுத்த ஆண்டு எவ்வளவு சேரும் என்று ஓரளவு கணிக்கலாம். தேர்வு முடிவு வெளியாகும் இணையதளத்துக்கு அந்த வசதி கிடையாது. ஒரு காலைப்பொழுதில் லட்சக்கணக்கானோர் மோதுவார்கள், மறுநாள் ஈ ஓட்டும். தினச் சோற்றுக்குச் சொந்தப் பானை, கல்யாணத்துக்கு வாடகை அண்டா என்று நம் வீடுகளில் போடுகிற கணக்குதான்.

ஆனால் இரண்டு இடங்களுக்கும் நடுவே இருக்கும் பாதைக்குச் சுங்கம் உண்டு. கிளவுடுக்குள் தரவை அனுப்பப் பொதுவாகக் கட்டணம் இல்லை, வெளியே எடுக்கத்தான். அமேசானின் அமெரிக்க மையங்களிலிருந்து இணையம் வழியே எடுத்தால் மாதம் 100 ஜிபி வரை இலவசம், அப்புறம் ஜிபிக்கு 9 சென்ட். தரவுத்தளத்தைக் கிளவுடில் வைத்துவிட்டு, அதிலிருந்து அறிக்கை தயாரிக்கும் மென்பொருளை ஆபீஸ் சர்வரில் விட்டால், 10 டெராபைட்டுக்கு ஏறக்குறைய 900 டாலர். தாமதம் தனி. 2024-இல் கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மூன்றும் இந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ததாகச் செய்தி வந்ததே என்பீர்கள். அது மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புகிறவருக்கு. தினமும் போய்வரும் ஹைபிரிட்காரருக்கு இல்லை.

சட்டத்தைக் காட்டிச் சொந்த சர்வர் வாங்கச் சொல்பவர்களும் உண்டு. பணப் பரிவர்த்தனைத் தரவு இந்தியாவுக்குள்தான் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் உத்தரவிட்டது உண்மை. இந்தியாவுக்குள் என்றால் உங்கள் கட்டடத்துக்குள் என்று பொருளல்ல. மைக்ரோசாஃப்ட் 2015-இலேயே சென்னையில் மையம் திறந்துவிட்டது. அமேசான் 2016-இல் மும்பையில்.

என் கட்சி இதுதான்: நள்ளிரவில் சர்வர் விழுந்தால் எழுந்து பார்க்கச் சம்பளத்துக்கு ஆள் இல்லாத நிறுவனம் ஹைபிரிட் பக்கம் போகவே வேண்டாம். ஆள் இருந்தால், கையெழுத்துப் போடுமுன் கடந்த 12 மாத லோடு வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். கோடு ஏறக்குறைய சமமாக ஓடும் வேலைகளை மட்டும் சொந்த சர்வருக்குக் கொண்டுவரலாமா என்று யோசியுங்கள்.

அடுத்த வாரம், 2024 மே மாதம் கூகுள் கிளவுடில் ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியமான யூனிசூப்பரின் அமைப்பு அழிந்துபோனதையும், வேறொருவரிடம் வைத்திருந்த நகல் கைகொடுத்ததையும் பார்ப்போம்.