பனியில் புதைந்த விமானம்

ஓமலூர் பக்கம் காமலாபுரம் விமான நிலையத்துக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தோம். தலைக்கு மேலே ஒரு விமானம் தாழப் பறந்து இறங்கியது. “ஏன் மாமா, அந்தப் பழைய விமான விபத்துப் படங்களையே திரும்பத் திரும்பப் பார்க்கறீங்க? கிராஃபிக்ஸ்கூடச் சரியா இருக்காதே?” என்றான் அக்கா மகன். அவனுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

1970-இல் வந்த ‘ஏர்போர்ட்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்தர் ஹெய்லியின் நாவல்தான் கதை. முதல் ஒரு மணி நேரத்துக்கு விபத்தே கிடையாது. பஸ்ஸில் ஏறியதும் பக்கத்து சீட்டில் யார், பின் சீட்டில் யார் என்று பார்ப்போமே, அப்படி ஒவ்வொருவராகத் தெரிந்துகொள்கிறோம். டிக்கெட் எடுக்காமலே விமானம் ஏறிப் பழகிய ஒரு பாட்டி. பக்கத்தில், வேலை இல்லாமல் நொடித்துப்போன ஒரு மனிதர். இன்ஷூரன்ஸ் பணமாவது மனைவிக்குக் கிடைக்கட்டும் என்று பெட்டிக்குள் குண்டு வைத்திருக்கிறார். அது நமக்குத் தெரியும், பாட்டிக்குத் தெரியாது. அவர் வாய் ஓயாமல் பேசப் பேச நமக்கு வயிற்றைக் கலக்கும். எந்த கிராஃபிக்ஸாலும் அதைக் கொண்டுவர முடியாது. அந்தப் பாட்டியாக நடித்த ஹெலன் ஹேஸுக்கு ஆஸ்கர் கொடுத்தார்கள்.

குண்டு கழிவறையில் வெடிக்கிறது. அவ்வளவு உயரத்தில் காற்று மெலிந்திருக்கும் என்பதால் விமானத்துக்குள் காற்றை அழுத்தி வைத்திருப்பார்கள். ஓட்டை விழுந்தால் அது பிய்த்துக்கொண்டு வெளியேறும். மூச்சுவிட முடிகிற உயரத்துக்கு விமானத்தை உடனே இறக்கியாக வேண்டும். வெறும் சினிமா என்று தள்ளிவிட முடியாது. 1988-இல் ஹவாயில் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 விமானத்துக்கு 24,000 அடி உயரத்தில் கூரையின் ஒரு பகுதியே பிய்ந்துபோனது. பணிப்பெண் ஒருவர் இறந்தார். மற்ற எல்லோரையும் விமானிகள் உயிரோடு தரை சேர்த்தார்கள்.

ஆனால் நான் ஒவ்வொரு முறையும் காத்திருப்பது தரையில் நடக்கும் காட்சிக்குத்தான். அடிபட்ட விமானம் இறங்க வேண்டிய ஓடுபாதையில் இன்னொரு போயிங் 707 பனியில் சக்கரம் புதைந்து நிற்கிறது. அது நகராவிட்டால் பனி வாரும் வண்டிகளை வைத்து இடித்துத் தள்ளிவிடுவார்கள். மெக்கானிக் ஜோ பட்ரோனி வாயில் சுருட்டோடு ஆட்களைக் கூட்டிப் பனியை வெட்டுகிறார். கடைசியில் தானே காக்பிட்டில் உட்கார்ந்து இன்ஜினை முடுக்குகிறார். விமானம் அதிர்கிறது, குலுங்குகிறது, அசைந்து மேலே வந்துவிடுகிறது.

மழையில் ரோட்டோரம் இறங்கிய லோடு லாரியை நாமக்கல் டிரைவர் எப்படி எடுப்பார்? சக்கரத்தடியில் மண்ணை வெட்டி, கல்லும் சாக்கும் போட்டு, கிளீனர் பின்னால் நின்று குரல் கொடுக்க, வண்டியின் மூச்சு அறிந்து மிதிப்பார். அதே வேலை, அதே பிடிவாதம். நம் பக்கத்து ஆட்களுக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்கவே வேண்டாம்.

இதற்குத் தொடர்ச்சியாக மூன்று படங்கள் வந்தன. அதில் முதலாவதான ‘ஏர்போர்ட் 1975’-இல் ஒரு குட்டி விமானம் மோதி 747-இன் காக்பிட் உடைகிறது, பணிப்பெண்ணே விமானத்தை ஓட்டுகிறார். அதையும் பாருங்கள். அடுத்த இரண்டும் சுமார்தான். ஆனால் நான்கிலும் வரும் ஒரே ஆள் பட்ரோனி, நடித்தவர் ஜார்ஜ் கென்னடி. கிளீனராக ஏறி, டிரைவராகி, சொந்த லாரி வாங்கியவர்கள் நிறைந்த ஊர் நாமக்கல். பட்ரோனியும் அப்படித்தான்: முதல் படத்தில் மெக்கானிக்காக வந்தவர், 1979-இல் வந்த கடைசிப் படத்தில் கான்கார்ட் விமானத்தின் கேப்டன்.