கண்ணாடியில் ஒரு நாவற்பழம்

பெரியகல்லாறு ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக ஒடுங்கிக் கிடக்கும் ஊர். 1990இன் வன்செயல், 2004இன் ஆழிப்பேரலை, 2007இன் போர் என ஒவ்வொரு முறையும் இக்கரையோரம் இடம்பெயர்ந்த மக்களைக் கண்டது. படுவான்கரையில் வயல் செய்தவருக்கு இந்த மணல் நிலத்தில் ஏர் பூட்ட இடமில்லை. வயல் இல்லாத இடத்தில் கைக்கு என்ன வேலை என்பது அன்றும் இன்றும் அவர்களது கேள்வி. குறுகிய இடத்தில் செய்யக்கூடிய கைத்தொழில்களுள் ஒன்றான கண்ணாடிப் பழம் செய்தலை இங்கு நோக்குவோம். காதணி, கழுத்துமாலை, மேசை அலங்காரம் ஆகியவற்றுக்கு இப்பழங்கள் பயன்படுகின்றன.

நமக்குப் புதியதன்று

புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்னரே கண்ணாடி மணி செய்தார்கள். உருகிய கண்ணாடியை நீண்ட குழாயாக இழுத்து, சிறு துண்டுகளாக நறுக்குவது அவர்களது முறை. மன்னார் மாந்தையில் 1980களில் நடந்த அகழ்விலும் கண்ணாடி மணிகள் கிடைத்தன. ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டையில் இம்முறை நமது காலம் வரை நீடித்தது. மற்றொரு முறையில் கண்ணாடிக் கோலைச் சுடரில் இளக்கி ஒவ்வொரு மணியாக உருவாக்குவர். உத்தரப் பிரதேசத்தின் புர்தில்நகர் இதற்குப் பேர்பெற்றது. பழம் செய்வதற்கு ஏற்றது இந்தச் சுடர் முறையே.

செய்முறை

மெல்லிய உருக்குக் கம்பியைக் களிமண் குழம்பில் தோய்த்துக் காயவைப்பர். இல்லாவிடில் கண்ணாடி கம்பியோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு கையில் கம்பியும் மறு கையில் வண்ணக் கண்ணாடிக் கோலும் இருக்கும். கோலின் நுனி சுடரில் தேன்போல இளகியதும் அதைக் கம்பியில் சுற்றி, இடைவிடாது உருட்ட வேண்டும். உருட்டுவது நின்றால் கண்ணாடி ஒரு பக்கம் தொங்கிவிடும்.

பழம் எப்போதும் ஒரே நிறத்தில் இருப்பதில்லை. மாம்பழத்தின் மஞ்சளில் காம்புப் பக்கம் செம்மை படரும். அடியில் பச்சை எஞ்சும். கைவினைஞர் மஞ்சளின் மேல் சிவப்பை மெல்லிய இழையாக வைத்து உருக்கி, அதன் மேல் நிறமற்ற கண்ணாடியைப் போர்த்துவர். அப்போது நிறம் தோலுக்கு உள்ளிருந்து தெரியும். நாவற்பழத்துக்கு மினுக்கம் கூடாது. நுண்மணலோடு உருட்டி மங்கச் செய்தால் பழத்தின் மேலுள்ள வெண்படலம் போலத் தோன்றும். இந்தக் கண் விவசாயிக்கு ஏற்கெனவே உண்டு. பழுத்ததையும் வெம்பியதையும் பிரித்தறிய அவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

செய்து முடித்ததை உடனே காற்றில் ஆறவிட்டால் வெடிக்கும். ஏறத்தாழ 500 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள சிறு சூளையில் வைத்து மெல்ல மெல்லக் குளிரச் செய்ய வேண்டும். வெவ்வேறு வகைக் கண்ணாடிகளைக் கலக்கவும் கூடாது. அவை சூட்டில் விரிவதும் குளிரில் சுருங்குவதும் ஒரே அளவாக இராது. அதனால் சில நாட்கள் கழித்தும் பழம் பிளந்துபோகலாம்.

இக்கலையின் உச்சத்தைத் தொட்டவர்கள் பொகீமியாவில் பிறந்த லியோபோல்ட் பிளாஷ்காவும் அவர் மகன் ருடோல்பும் ஆவர். 1887 தொடக்கம் 1936 வரை ஹாவார்ட் பல்கலைக்கழகத்துக்கு ஆயிரக்கணக்கான கண்ணாடித் தாவர மாதிரிகளைச் செய்தளித்தார்கள். நோயுற்று அழுகும் பழங்களையும் மாணவர் கற்பதற்காக ருடோல்ப் கண்ணாடியில் செய்தார்.

அகதிகள் எழுப்பிய ஊர்

பொகீமியாவிலேயே கப்லொன்ஸ் என்றொரு நகரம் உண்டு. கண்ணாடி மணிக்கும் பழ வடிவ அணிகலனுக்கும் அது உலகப் புகழ் பெற்றது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அங்கிருந்த ஜேர்மன் மொழி பேசும் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். வீடும் பட்டறையும் போயின. அவர்களில் ஒரு பகுதியினர் 1946 முதல் ஜேர்மனியின் பவேரியாவில், தகர்க்கப்பட்டுக் கிடந்த ஒரு வெடிமருந்துத் தொழிற்சாலை நிலத்தில் குடியேறினர். இடிபாடுகளைச் சீர்செய்து தொழிலை மீண்டும் தொடங்கினர். அந்த இடமே இன்று நொய்கப்லொன்ஸ், அதாவது புதிய கப்லொன்ஸ்.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. கையிலிருந்த திறமை மட்டும் அவர்களைக் காப்பாற்றவில்லை. அச்சுச் செய்பவர், மணி செய்பவர், மெருகிடுபவர், விற்பவர் யாவரும் ஒரே இடத்தில் சேர்ந்து குடியேறினார்கள். சிதறிப்போயிருந்தால் ஒவ்வொருவரும் கூலியாளாகவே முடிந்திருப்பர்.

முன்னரே கணக்கிடுவோம்

கோபுரம் கட்டப் புறப்படுபவர் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்பது நற்செய்தி நமக்குத் தரும் அறிவுரை. இத்தொழிலுக்கு எரிவாயு, சுடர்க்குழல், சூளை, வண்ணக் கோல்கள் ஆகியன வேண்டும். நமது கடற்கரை மணலை உருக்கி இதனைச் செய்ய முடியாது. அதிலுள்ள இரும்பு கண்ணாடியைப் பச்சையாக்கும். வண்ணக் கோல்களை விலைக்கே வாங்க வேண்டும். சுடரின் கூரிய மஞ்சள் ஒளியைத் தடுக்கும் மூக்குக்கண்ணாடி கட்டாயம் தேவை. காற்றோட்டமில்லாத கொட்டிலில் செய்வது ஆபத்து. கண்ணாடித் தூசு நுரையீரலைக் கெடுக்கும். காய்ந்த தூசைப் பெருக்காமல் ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். கை பழகும் மட்டும் பல மாதங்கள் உடைந்த பழங்களே மிஞ்சும். அக்காலத்தில் வருமானம் இராது.

ஆகவே எந்தக் குடும்பமும் நுண்கடன் வாங்கித் தனியே இதில் இறங்க வேண்டாம் என்பதே நமது வேண்டுகோள். ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து ஒரு சுடர், ஒரு சூளை, ஒரு கணக்குப் புத்தகம் என்று தொடங்கலாம். யார் வாங்குவார், என்ன விலைக்கு வாங்குவார் என்பதை முதலில் விசாரியுங்கள். பனையோலையானாலும் தறியானாலும் இதே கணக்குத்தான்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. கைத்தொழில் காணிக்கு ஈடாகாது. சுடரின் முன் அமர்ந்திருக்கும் நாளிலும் உங்கள் காணி உறுதியையும் அனுமதிப்பத்திரத்தையும் பத்திரமாக வைத்திருங்கள். கைத்தொழில் இன்றைய அடுப்பை எரிக்கட்டும். வயலின் மேலுள்ள உரிமை பிள்ளைகளுக்கு நிலைக்கட்டும்.