பூட்டிய பெட்டிக்குள் மழை

தூத்துக்குடிக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கன்டெய்னரில் முந்திரிக்கொட்டை வரும். பெட்டியைத் திறக்கும்போது பக்கத்தில் நின்று சரக்கைப் பார்ப்பது என் வேலை. மேல் வரிசைச் சாக்குகள் நனைந்து பூஞ்சணம் பிடித்திருந்தால், சரக்கெடுக்க வந்தவர் உடனே சொல்வார்: "கூரை ஓட்டை, அண்ணாச்சி."

பெட்டி காலியானதும் உள்ளே நின்று கதவைச் சாத்தச் சொல்வேன். ஓட்டை இருந்தால் ஊசிமுனை வெளிச்சமாவது தெரியும். தெரியாவிட்டால், நனைந்த இடத்தில் சில்வர் நைட்ரேட் சொட்டு விடுவோம். வெள்ளையாகத் திரிந்தால் கடல்நீர் என்று சந்தேகப்படலாம். இரண்டும் இல்லையென்றால், அந்தத் தண்ணீர் பெரும்பாலும் சரக்கோடு ஏறி வந்ததுதான்.

வெயிலில் பெட்டி சூடாகும்போது சரக்கின் ஈரம் ஆவியாகிறது. இரவில் முதலில் குளிர்வது இரும்புக் கூரை. 30 டிகிரி செல்சியஸில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான். மிச்சம் கூரையில் துளிர்த்து மூட்டைமேல் சொட்டும். 20 அடிப் பெட்டியின் கொள்ளளவு சுமார் 33 கனமீட்டர். காற்றின் ஈரம் மட்டும் என்றால் அரை லிட்டருக்குள் அடங்கிவிடும். ஆனால் 15 டன் கொட்டையில் 10 சதவீதம் ஈரம் என்றால், உள்ளே 1,500 லிட்டர் தண்ணீர் இருக்கிறது! காயாத மரப்பலகைகளை அடியில் போட்டால் அதுவும் தன் பங்கைக் கொடுக்கும். பெட்டியின் காற்றுத்துளைகள் மிகச் சிறியவை. அவற்றை நம்ப முடியாது.

அதனால்தான் ஏற்றுமுன் ஈரமானி வைத்துப் பார்க்கச் சொல்கிறோம். கூரையிலிருந்து சொட்டுவதைத் தாங்க மூட்டைகளின்மேல் கிராஃப்ட் தாள் விரிப்பார்கள். பக்கச் சுவரில் கால்சியம் குளோரைடு பைகளைத் தொங்கவிடுவார்கள். அந்த உப்பு தன் எடைக்கு மேலேயே நீரை உறிஞ்சும். ஆனால் நாலைந்து கிலோ உப்பு 1,500 லிட்டரை என்ன செய்துவிடும்? காய்ந்த சரக்கில் எஞ்சிய ஈரத்துக்குத்தான் அது.

மொட்டைமாடியில் டிரம்மில் பயறு வைப்பவர்களுக்கும் இதே கணக்குத்தான். நன்றாகக் காயவைத்து, சூடு ஆறிய பிறகே கொட்டுங்கள். வாய்வரை நிரப்பி மூடுங்கள். மதிய வெயில் படாத நிழலில், தரையில் படாமல் கட்டைமேல் வையுங்கள். மழைநாளில் அடிக்கடி திறக்காதீர்கள். முதல் வாரத்தில் ஒரு விடிகாலை மட்டும் மூடியின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். விரல் நனைந்தால் பயறு மறுபடி வெயிலுக்குப் போக வேண்டும். மூடியை மட்டும் துடைத்துவிட்டு மூடினால் மறுநாளும் நனையும்.