பெயரைச் சோதிக்காத சோதனை

சர்வர்களின் பெயர்களை ஜேசன் கோப்பில் வாங்கி, பைத்தான் லைப்ரரி ஒன்றால் சரிபார்த்தும் விட்டோம் என்று நிம்மதியாக உட்கார்ந்திருப்பவர்களை நான் ஓயாமல் சந்தித்து வருகிறேன். சென்ற மாதம் ஒரு இளைஞர் தம் ஸ்கீமாவைக் காட்டினார். ‘பார்மேட்’ என்னும் இடத்தில் ‘ஹோஸ்ட்நேம்’ என்று லட்சணமாக எழுதியிருந்தது. பெயருக்குரிய இடத்தில் மூன்று இடைக்கோடும் இரண்டு புள்ளியும் தட்டினேன்; பிழை ஒன்றும் வரவில்லை. “அப்படியானால் சரிதானே சார்?” என்றார்.

சரியில்லை. புள்ளிகளுக்கு இடைப்பட்ட துண்டு 63 எழுத்தைத் தாண்டலாகாது, இடைக்கோட்டில் தொடங்கவோ முடியவோ கூடாது, அடிக்கோடு அறவே ஆகாது என்பது இந்தப் பெயர்களின் பழைய இலக்கணம். ஆயினும் ஜேசன் ஸ்கீமாவின் 2020-12 பதிப்பில் ‘பார்மேட்’ என்பது, நாமாகக் கேட்டுக்கொண்டாலன்றி, வெறும் குறிப்பேயொழிய விதி அன்று. ஆவணத்தில் இது தெளிவாகவே இருக்கிறது. படிப்பதற்குத்தான் ஒருவருக்கும் அவகாசமில்லை.

பரிகாரம் இரண்டு படிகளில் அடங்கும். ‘ஜேசன்ஸ்கீமா’ லைப்ரரியில் வேலிடேட்டரை அழைக்கும்போதே ‘பார்மேட்_செக்கர்’ என்ற ஆர்க்யுமென்ட்டைக் கொடுக்க வேண்டும்; அதோடு ‘எஃப்க்யூடிஎன்’ என்னும் துணைப் பொதியையும் நிறுவ வேண்டும். லைப்ரரியின் பெயருக்குப் பின் சதுர அடைப்பில் ‘பார்மேட்’ என்று எழுதி பிப் மூலம் நிறுவினால் அதுவும் கூடவே வந்துவிடும். முதற்படியைச் செய்து இரண்டாவதை விட்டவர்களுக்கும் ஹோஸ்ட்நேம் சோதனை நடவாது, அது நடவாத செய்தியும் கிட்டாது. ஆகவே மறுபடியும் சொல்கிறேன், இரண்டையும் செய்க. ‘.இந்தியா’, ‘.இலங்கை’ என முடியும் தமிழ்ப் பெயர்களை ஏற்க வேண்டுமானால் ‘ஐடிஎன்-ஹோஸ்ட்நேம்’ என்பதே உரிய பார்மேட். அதற்கு ‘ஐடிஎன்ஏ’ பொதி அவசியம்.

சொந்தமாக ரெகெக்ஸ் எழுதிக்கொள்ளும் தைரியசாலிகளுக்கு ஒரு வார்த்தை: பைத்தானில் டாலர் குறி, இறுதியில் ஒளிந்திருக்கும் புதுவரிக் குறியையும் அனுமதித்துவிடும், ‘ஃபுல்மேட்ச்’ என்பதையே பிரயோகிக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தபின்னும், இலக்கணம் சரியான பெயர் அபாயமற்ற பெயர் என்று பிரமை கொள்ள வேண்டாம். ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்பதும் இலக்கணசுத்தமான பெயர்தான். வெளியார் தரும் பெயருக்கு நம் சர்வர் தொடர்பு கொள்வதாயின், அது எந்த ஐபி முகவரிக்குப் போய்ச் சேருகிறது என்று பார்த்து, உள்வலை முகவரியையும் 127-ல் தொடங்குவதையும் 169.254.169.254-ஐயும் தள்ளிவிட்டு, சோதித்த அதே முகவரிக்கே இணைய வேண்டும்.

அந்த இளைஞர் இரண்டு படிகளையும் முடித்து, கெட்ட பெயர்கள் மூன்றை டெஸ்ட்டிலும் சேர்த்துவிட்டு, பழைய கோப்பை மீண்டும் ஓட்டினார். நான்காவது வரியிலேயே அடிக்கோடு கலந்த பெயரொன்று சிவப்பில் வந்து நின்றது. “இது போன வருஷமே போட்டது சார்” என்றார்.