வடக்குச் சுவரோரம் என்ன வைக்கலாம்?

நிழலில் ஒன்றும் வராது என்று வீட்டின் ஒரு பக்கத்தையே வெறும் மண்ணாகப் போட்டு வைத்திருப்பவர்கள் பலர். வெற்றிலைக் கொடிக்காலைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சோழவந்தான் பக்கம் முதலில் அகத்தியை விதைத்து, அது வளர்ந்து நிழல் கட்டிய பிறகுதான் வெற்றிலையை நடுவார்கள். சுள்ளென்ற வெயிலை அந்தக் கொடி தாங்காது.

மாமரத்தின் உச்சிக் கிளையிலிருந்து ஓர் இலையும், உள்ளே வெயில் படாத கிளையிலிருந்து ஓர் இலையும் பறித்து விரல்களுக்கிடையே பிடித்துப் பாருங்கள். உச்சி இலை தடிப்பாக இருக்கும். உள்ளிலை மெலிந்து அகன்றிருக்கும். கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் விடாமல் பிடிக்கத்தான் அந்த அகலம். நிழலுக்கென்றே பிறந்த செடிகள் இன்னொரு வகையிலும் சிக்கனமானவை: மெதுவாகச் சுவாசிப்பதால் குறைந்த ஒளியில் தயாரித்த உணவே அவற்றுக்குப் போதும். மல்லிகைக்கு அது போதாது. நிழலில் வைத்தால் கொடி நீளுமே தவிர, பூ காண்பது அரிது.

செடி வாங்கும் முன் உங்கள் நிழல் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்வது முக்கியம். வடக்குச் சுவரோரம் எப்போதும் நிழல் என்பது ஐரோப்பியத் தோட்ட நூல்களின் கணக்கு. நம் ஊருக்கு அது பொருந்தாது. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் உச்சிக்கு நேரே வரும் சூரியன், ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகலில் வடக்கே சாய்ந்துதான் நிற்கிறது. மார்கழியில் குளுகுளுவென்றிருந்த அதே சுவரோரத்தில் வைகாசியில் பெரணியும் கலேடியமும் கருகுவது இதனால்தான். அங்கே இவற்றைத் தொட்டியில் வைத்தால், வெயில் திரும்பும்போது நகர்த்திவிடலாம்.

மரத்தடி நிழலில் சிக்கல் வேறு. மரத்தின் வேர்களே தண்ணீரைக் குடித்துவிடும். வறட்சி தாங்கும் மருள் அங்கே நிற்கும். ஈரம் தங்கும் அரைநிழலில் வல்லாரை தரையெல்லாம் படரும். இஞ்சியும் மஞ்சளும் தாராளமாக வரும். வெற்றிலையைச் சுவரோரம் ஏற்றிவிடுங்கள். கட்டடத்தின் நிழலில் மண் காயத் தாமதமாகும் என்பதால், விரலை விட்டுப் பார்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். நிழல் செடிகள் பெரும்பாலும் வேரழுகித்தான் சாகின்றன.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் மணி பிளாண்ட், கலேடியம், டிஃபன்பேக்கியா மூன்றையும் எட்டாத உயரத்தில் வையுங்கள். இவற்றின் இலையைக் கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும்.